க்ளீன் பண்ணிடலாம் ஆன்டி

எங்க வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஒரு போட்டோ இந்த உலகத்துல அவன்கிட்டதான் இருந்துச்சு. அதனாலதான் அவனப் பத்திப் பேச வேண்டியிருக்கு. இல்லன்னா அவன் மூஞ்சிய நெனச்சுப் பாக்கக்கூட எனக்கு இஷ்டமில்ல.

பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா பிரிக்பீல்ட்ஸ்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சுடும். அவன் கல்யாண ஆல்பம் பண்ணாத குடும்பம் அந்தப் பக்கம் கம்மி. கீழ பூக்கடை, மேல அவன் ஸ்டூடியோ. ஆளு ஒல்லி, எப்பவும் தேச்ச சட்டை, பாக்கெட்டுல லென்ஸ் தொடைக்கிற துணி. அந்தத் துணிய எடுத்து எதையாவது தொடைச்சுக்கிட்டே இருப்பான். மேசை, கண்ணாடி, அடுத்தவங்க கேமரா. சாப்பாட்டுக் கடையில வாழையிலை போட்டா அதையும் தொடைப்பான். என்னை விட ஏதோ கொஞ்சம் வயசுதான் சின்னவன், ஆனா வாயத் தொறந்தா 'ஆன்டி'. அக்கான்னு கூப்பிட்டா வாயா வலிக்கும்? நானும் விடல. குரூப்புல எல்லாரும் 'சார், சார்'னு கும்பிட்டப்ப நான் மட்டும் 'தம்பி'ன்னே கூப்பிட்டேன்.

குரூப்புன்னா பறவை போட்டோ எடுக்கிற குரூப்பு. நான் கிளாங்குல ஒரு பல் கிளினிக் கவுன்டர்ல உக்காந்து ரிட்டையர் ஆனவ. வீட்டுல சும்மா இருக்க முடியாம, மக வாங்கிக் குடுத்த கேமராவத் தூக்கிக்கிட்டு இவங்களோட சேந்தேன். சனிக்கிழமை காலையில காப்பார் பக்கம் கடற்கரைக்குப் போவோம். வெள்ளை மணல் எல்லாம் கெடையாது. சேறு, அலையாத்தி மரம், தூரத்துல பவர் ஸ்டேசன் புகைக்கூண்டு. தண்ணி ஏற ஏற சேறு சுருங்கும். அப்ப உள்ளானும் உப்புக்கொத்தியும் கூட்டம் கூட்டமா நம்ம பக்கம் நகர்ந்து வரும். எங்கயோ பனி நாட்டுலேர்ந்து வர்ற பறவைங்க. ஒவ்வொண்ணும் கைக்குள்ள அடங்கிடும். இத்துனூண்டு ஒடம்ப வச்சுக்கிட்டு எப்படித்தான் அவ்வளவு கடலத் தாண்டுதோ, எனக்கு இப்பவும் புரியல.

காரு ஓட்டுறது எங்க வீட்டுக்காரர். துறைமுகத்துல கன்டெய்னர் நம்பரப் பாத்து எழுதுற வேலையில இருந்தவரு. அங்க குடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்ட விடவே மாட்டாரு. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் அதுதான், கோயிலுக்கு மட்டும்தான் கழட்டுவாரு. போட்டோ எடுக்கிறதுல அவருக்கு ஆசையில்ல. யாராவது அவர எடுத்தா அதுக்கு மேல வெறுப்பு. வீட்டுல வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிற மனுசன், கேமராவக் கண்டதும் போலீஸ்காரன் நிறுத்தின மாதிரி வெறைச்சுப் போயிடுவாரு. எங்க கல்யாணப் படத்துலேர்ந்து மக பட்டம் வாங்கின படம் வரைக்கும் எல்லாத்துலயும் அடையாள அட்டையில இருக்கிற அதே ஐசி மூஞ்சி. ஒளிஞ்சு நின்னு எடுத்தாலும் எப்படியோ மோப்பம் புடிச்சுடுவாரு. இந்த மனுசன் சிரிச்சா எப்படி இருப்பாருன்னு நாளைக்குப் பேரப்பிள்ளைங்களுக்குக் காட்ட ஒண்ணுகூட இல்லியேன்னு நான் எத்தனையோ தடவ சண்டை போட்டிருக்கேன்.

சரி, அவனுக்கு வருவோம். அவனுக்கு வேலை தெரியாதுன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். நல்லாத் தெரியும், அதுதான் வயித்தெரிச்சல். மொத நாளு நான் நின்னுக்கிட்டே எடுத்த படத்தப் பாத்துட்டு, "மாடியிலேர்ந்து எட்டிப் பாத்த மாதிரி எடுத்திருக்கீங்க ஆன்டி. படுங்க"ன்னான்.

"எங்க படுக்கிறது?"

"சேத்துலதான்லா."

படுத்தேன். அந்த வயசுல, குப்புறப் படுத்து, முழங்கைய ஊனி ஊனி முன்னால போனேன். பறவை கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துச்சு. அடேயப்பா! அதுவரைக்கும் புள்ளியாத் தெரிஞ்ச உள்ளான் ஒரு ஆளாத் தெரிஞ்சுச்சு. வெயில முதுகுல வாங்கிக்கணும், பறவையத் தொரத்தக் கூடாது, அது வர்ற வழியில போய்க் காத்துக் கெடக்கணும், கண்ணு தெளிவா விழலன்னா மத்தது எவ்வளவு அழகா இருந்தாலும் படம் செத்துச்சு. இதெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததுதான். இல்லன்னு சொல்லல.

அதோட நிறுத்தியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். "காட்டுங்க"ன்னு கைய நீட்டுவான். நம்ம கேமராவ வாங்கி, படத்தத் தள்ளித் தள்ளி, "குப்பை... குப்பை... இதுவும் குப்பை"ன்னு அவனே டிலீட் அமுக்குவான். கேக்கவே மாட்டான். "ஒரு நாளைக்கு ஒரு படம் போதும் ஆன்டி, மத்தத வச்சிருந்தா மனசுக்கு அழுக்கு"ம்பான். அவன் கார்டுலயும் அதே கதைதான். வீட்டுக்குப் போனதும் நல்லதா ஒண்ண எடுத்துக்கிட்டு மிச்சத்த அழிச்சுடுவானாம். ஏதோ விரதம் இருக்கிற மாதிரி அதப் பெருமையா வேற சொல்லிக்குவான். குரூப்புல ஒரு டீச்சரம்மா மொதமொதலா எடுத்த பறவைய இப்படித்தான் அழிச்சான். அவங்க கண்ணு கலங்கிப் போய் நின்னாங்க. இவன் என்னடான்னா, "பறவை கண்ணு ஷார்ப்பா இல்ல டீச்சர்"னுட்டு, துணிய எடுத்து ஸ்கிரீன நல்லாத் தொடைச்சு அவங்க கையில குடுத்தான். அன்னிலேர்ந்து நான் கேமராவக் கழுத்த விட்டுக் கழட்டினதே இல்ல.

தப்பிச்ச அந்த ஒரு படத்தையாவது சும்மா விடுவானா? கம்ப்யூட்டர்ல போட்டு, "அது ஒண்ணுமில்ல, க்ளீன் பண்ணிடலாம்"பான். புகைக்கூண்டு போயிடும். மெதக்குற பாட்டில் போயிடும். வலை இழுக்கிற மனுசன் படகோட போயிடுவாரு. கடைசியில பாத்தா அது காப்பாரே இல்ல, எவனோ காலண்டருக்குப் போட்ட ஊரு.

"ஏன் தம்பி, அந்தக் கூண்டு அங்கதானே நிக்குது?"ன்னு கேட்டேன்.

"நின்னா என்ன ஆன்டி, நல்லா இல்லியே"ன்னான்.

கல்யாணப் பொண்ணுங்களையும் விட மாட்டான். ஒரு தடவ நான் கேமரா பேட்டரி வாங்க அவன் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். ஒரு அம்மா ஆல்பத்தத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாங்க. "எம்பொண்ணு எங்கய்யா?"ன்னு கேட்டாங்க.

"இதோ இருக்காங்களே ஆன்டி."

"இது யாரோ! எம்பொண்ணுக்கு உதட்டுக்குக் கீழ மச்சம். மாப்பிள்ளை வீட்டுல அந்த மச்சத்தப் பாத்துத்தான் ராசியான பொண்ணுன்னு புடிச்சாங்க. வெளக்கி வச்ச சட்டி மாதிரி ஆக்கி வச்சிருக்கியே!"

அவன் அசரவே இல்ல. "மச்சம்தானே, வச்சிடலாம் ஆன்டி. எந்தப் பக்கம்?"ன்னான்.

வீட்டுக்கு வந்து இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு சிரிச்ச சிரிப்புல குடிச்சுக்கிட்டிருந்த பால் ஊத்தாத தே ஓ மூக்குல ஏறிடுச்சு. "எந்தப் பக்கம்னா கேட்டான்?"னு சொல்லிச் சொல்லி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சிரிச்சாரு.

ஆனா அவரே சிரிக்க முடியாதபடி ஒண்ணு பண்ணினான். சில பறவைங்க கால்ல சின்னதா ஒரு கலர் கொடி மாட்டியிருக்கும். வேற நாட்டுல ஆராய்ச்சி பண்றவங்க புடிச்சு மாட்டி விடுறது. அதுல ரெண்டு மூணு எழுத்து இருக்கும். நாம பாத்து எழுதி அனுப்பினா, அந்தப் பறவை எங்கேர்ந்து கெளம்பி எங்க வந்துச்சு, இன்னும் உயிரோட இருக்கான்னு அவங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு இதுல ஒரு பைத்தியம். கன்டெய்னர் நம்பர் படிச்ச பழக்கம், விடுமா? பைனாகுலர வச்சுக்கிட்டு, "அந்தா, மஞ்சக் கொடி!"ன்னு சின்னப்புள்ள மாதிரி கத்துவாரு. ஒரு நாளு அப்படி ஒண்ணப் பாத்தாரு, எழுத்து மட்டும் புடிபடல. அவன் லென்ஸ் பெருசு, அதுல நல்லா விழுந்திருந்துச்சு. "தம்பி, அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க"ன்னு காருக்குப் போற வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாரு.

சாயங்காலம் வாட்சப்புல வந்துச்சு. பறவை இருக்கு, கால் இருக்கு, கொடியக் காணோம். போன் போட்டுக் கேட்டா, "ஏதோ பிளாஸ்டிக் மாட்டிக்கிட்டிருந்துச்சு அங்கிள், அசிங்கமா இருந்துச்சு, க்ளீன் பண்ணிட்டேன்"ங்கிறான். இத்தனை வருசமா பறவை எடுக்கிறவன்! கொடி எதுக்குன்னு அவனுக்குத் தெரியாம இல்ல, அவன் கண்ணுக்கு அது அழுக்கு, அவ்வளவுதான். பழைய படம் இருக்கான்னு கேட்டா, அழிச்சாச்சாம். வீட்டுக்காரர் போன மேசையில வச்சாரு. "அதுதான் அதுக்குப் பேரு. பேரப் போய் அழிச்சுட்டானே"ன்னு மட்டும் சொன்னாரு.

அவனுக்கும் இவரக் கண்டா ஆகாது. இவரன்னு சொல்ல முடியாது, இவரு ஜாக்கெட்ட. "அங்கிள், அதக் கழட்டுங்க. பறவை ஓடிடும். தண்ணியில ஆரஞ்சா அடிக்குது, என் படமெல்லாம் கலர் ஒழுகுது"ன்னு ஒவ்வொரு வாரமும் புலம்புவான்.

இவரு, "பறவை வந்து எங்கிட்ட சொல்லட்டும், கழட்டுறேன்"பாரு.

பறவை சொல்லல. அத நான் கண்ணால பாத்தேன். அன்னிக்கு நல்ல காத்து. நாங்க எல்லாரும் சேத்துல வரிசையாப் படுத்துக் கெடக்கிறோம். அவன் லென்ஸ் மூடி காத்துல உருண்டு தண்ணி ஓரம் வரைக்கும் போயிடுச்சு. அவன் எழுந்திரிப்பானா? "அங்கிள், கொஞ்சம்..."னு கை காட்டினான். வீட்டுக்காரர் பேன்ட்ட சுருட்டிக்கிட்டு, தொப்பியக் கையில வச்சுக்கிட்டு, சேத்துல காலப் புடுங்கிப் புடுங்கிப் போனாரு. மூடிய எடுத்துட்டுத் திரும்புறப்ப, காத்து நின்னுச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பறவைக் கூட்டம் மொத்தமா எறங்கிச்சு. அவருக்கு முன்னாடி, பின்னாடி, சுத்தி எல்லாப் பக்கமும்.

"அசையாதீங்க அங்கிள்! அசைஞ்சா எல்லாம் போயிடும்!"னு இவன் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான்.

மனுசன் அசையல. நட்டு வச்ச கம்பு மாதிரி நின்னாரு. ஒரு குட்டி உள்ளான் அவரு கால் கட்டை விரல வந்து கொத்துச்சு. புழுன்னு நெனச்சுச்சோ என்னவோ. அவருக்குக் கூசுது, நகர முடியல, சத்தம் போட முடியல. வாயத் தொறந்துக்கிட்டு சத்தமே இல்லாம சிரிக்கிறாரு. ஒடம்பு அசையாம மூஞ்சி மட்டும் சிரிக்குது. நான் ஓரத்துல இருந்தேன், எனக்கு முன்னாடி டீச்சரம்மா முதுகு. அவன்தான் நேரா இருந்தான், டக டகன்னு எடுத்தான். அப்புறம் கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்கிரீன்ல காட்டினான். பாத்தேன். எங்க வீட்டுல, எங்க சமையல்கட்டுல நிக்கிற அதே மனுசன். இத்தனை வருசத்துல மொத தடவையா ஒரு கேமராவுல மாட்டிக்கிட்டாரு. "தம்பி, இத எனக்கு அனுப்பணும்"னேன். "அனுப்புறேன் ஆன்டி"ன்னான். அனுப்பல. கேட்டப்பெல்லாம், "கொஞ்சம் வேலை இருக்கு அதுல"ன்னான்.

அடுத்த வருசம் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கூட்டிட்டு வர முடியல.

சாவு வீட்டுக்கு அவன் வந்தான். நாற்காலி எடுத்துப் போட்டான். யாரும் பாக்காதப்ப சவப்பெட்டியோட கண்ணாடியத் துணியால தொடைச்சான். அது ஒண்ணுக்காக அவன மன்னிச்சுடலாம்னுகூட அன்னிக்கு நெனச்சேன். கிட்டப் போய், "தம்பி, அன்னிக்கு அவரு சேத்துல நின்னு சிரிச்சாரே, அந்தப் படம் வேணும். கருமாதிக்கு மாலை போட்டு வைக்கணும்"னேன்.

"அந்தப் படமா? அது என் பெஸ்ட் படம் ஆன்டி. பெருசா பிரேம் போட்டு நானே கொண்டாரேன்."

நானும் நம்பினேன். ஐசி படத்த பெருசு பண்ணி வச்சிருந்ததத் தூக்கி அலமாரியில போட்டேன். எங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும், "இருங்க, வேற படம் வருது, அப்பதான் அவரப் பாப்பீங்க"ன்னு சொல்லி வச்சேன்.

கருமாதி அன்னிக்குக் காலையில வந்தான். பேப்பர் சுத்தின பெரிய பிரேம். நான் மாலையோட நிக்கிறேன். பேப்பரப் பிரிச்சான். பறவை. எம்மாடி, அப்படி ஒரு படம்! தண்ணி, வானம், கூட்டமா உள்ளான், ஒவ்வொண்ணு கண்ணுலயும் ஒரு பொட்டு வெளிச்சம். அவரு இல்ல. அவரு நின்ன எடத்துல வானம் இருக்கு.

"அண்ணன் எங்க?"ன்னு எங்க நாத்தனார் கேட்டாங்க.

"அங்கிள் பின்னாடி நின்னாரு ஆன்டி, தெளிவா விழல. அதான் அப்பவே க்ளீன் பண்ணிட்டேன். இதுக்குப் போட்டியில பரிசு கெடச்சுச்சு. அங்கிளுக்குத்தான் பறவைன்னா உயிராச்சே, இத மாட்டினா அவர் ஞாபகமா இருக்கும்"ன்னான். கீழ கைய வச்சுக் காட்டினான். "தண்ணியில அந்த ஆரஞ்சு பாருங்க, காலை வெயில் எறங்கின மாதிரி. பறவை காலுக்கு நடுவுல நல்லா இருந்துச்சு, அத மட்டும் விட்டு வச்சேன்."

"பழைய படம்?"

"கார்டு அன்னிக்கே அழிச்சாச்சே ஆன்டி. நான் வைக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமே."

செருப்பால அடிக்கணும்னு கை துறுதுறுத்துச்சு. கையில மாலை இருந்துச்சு, வீடு நெறைய சனம். அலமாரியத் தொறந்து அந்த ஐசி மூஞ்சிய எடுத்து மாலையப் போட்டேன். என் மக அந்தப் பிரேமத் தூக்கிட்டுப் போய் ஸ்டோர் ரூம்ல சொருகிட்டு வந்தா. அவன் உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போனான்.

அந்த வருசம் நாங்க எந்தப் பண்டிகையும் கொண்டாடல. தெவசம் முடிஞ்சு வந்த மொத தீபாவளிக்கு வீட்டக் கழுவலாம்னு ஸ்டோர் ரூமத் தொறந்தேன். அரிசி டின்னுக்குப் பக்கத்துல அந்தப் பிரேம். மக அன்னிக்கு இருந்த ஆத்திரத்துல தலைகீழா வச்சிருக்கா. எடுத்து வெளிய போடலாம்னு குனிஞ்சேன்.

ஆரஞ்சு ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு அவரு நிக்கிறாரு.

அவன் அழிச்சது மேல நின்ன மனுசன. தண்ணிக்குள்ள நின்னவர வெயிலுன்னு நெனச்சு விட்டுட்டான். படத்தத் திருப்பினதும் தண்ணியில விழுந்த உருவம் நேராயிடுச்சு. ஒரு பக்கத் தோள் எறங்கியிருக்கு, கையில தொப்பி. மூஞ்சி கொஞ்சம் கலங்கித்தான் கெடக்கு. ஆனா வாய் தொறந்திருக்கு, பல்லு வெள்ளையாத் தெரியுது. அவரச் சுத்தி பறவைங்களோட உருவமும் தண்ணியில நேரா நிக்குது. மேல பறக்கப் போற மாதிரி இருந்த அந்த நிஜப் பறவைங்கதான் கீழ காலத் தூக்கிக்கிட்டுத் தொங்குது. நான் ஈரத் தரையிலயே உக்காந்துட்டேன். அழுதேனா சிரிச்சேனா, ரெண்டும்தான். அப்புறம் மகளக் கூப்பிட்டு, பிரேம் மாட்டுற வளையத்த இந்தப் பக்கம் அடிக்கச் சொல்லி, நடு ஹால்ல மாட்டினேன். ஐசி படத்த எடுத்து உள்ள வச்சேன்.

தீபாவளிக்கு மக குரூப்பு மொத்தத்தையும் கூப்பிட்டா. அவன மட்டும் விட்டுட முடியுமா? எல்லாரும் போனதுக்கு அப்புறம் வந்தான், கையில பிஸ்கட் டின். செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடியே பாத்துட்டான். கண்ணு அப்படி.

"ஐயோ ஆன்டி, படத்தத் தலைகீழா மாட்டிருக்கீங்க!" நேரா போய் ரெண்டு கையாலயும் பிரேமப் புடிச்சான்.

"கைய எடுங்க தம்பி. அவரு நேராத்தான் நிக்கிறாரு."

நின்னு பாத்தான். துணிய எடுத்துக் கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாத்தான். "அட, அங்கிள்!"ன்னான். அவன் மூஞ்சி மாறுச்சு, நான் பாத்தேன். சரி, இப்ப ஏதோ சொல்லப் போறான், சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

"நான் வெயில்னுல்ல நெனச்சேன்! எப்படி விட்டேன் இத? போட்டியிலகூட யாரும் கவனிக்கலியே"ன்னு தலையச் சொறிஞ்சான். "கவலப்படாதீங்க ஆன்டி, இந்தப் பைல் எங்கிட்ட இருக்கு. அதையும் க்ளீன் பண்ணி வேற பிரிண்ட் போட்டுத் தரேன். இத நான் எடுத்துட்டுப் போறேன்."

மறுபடியும் கைய நீட்டினான்.

நான் போய்ப் படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன். முதுகுல கண்ணாடி சில்லுன்னு பட்டுச்சு. "அம்மாடி, தம்பிக்கு முறுக்கு கொண்டா"ன்னு உள்ள பாத்துச் சத்தம் போட்டேன். அவன் முறுக்கத் தின்னு, தே குடிச்சு, துணியால விரல ஒண்ணொண்ணாத் தொடைச்சுக்கிட்டு, கார்ல ஏறிக் கெளம்புற வரைக்கும் நான் அந்த எடத்த விட்டு நகரல.